அயர்லாந்து கிராமப்புறம்: அந்தப் பச்சைக்குப் பின்னால் இருக்கும் நிலத்தின் கதை

அயர்லாந்துக்குப் போய் வந்தவர்கள் முதலில் பச்சையைப் பற்றித்தான் பேசுவார்கள். நியாயம்தான், வருஷம் முழுக்க மழை தூறிக்கொண்டே இருக்கும் தேசம், குளிர்காலத்திலும் அங்கே புல் காய்வதில்லை. ஆனால் டப்ளினை விட்டு மேற்கே போகப் போகக் கண்ணில் படுகிற மற்ற விஷயங்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கின்றன. வீடுகள் ஏன் ஒரு கிராமமாகச் சேர்ந்து இருக்காமல் சாலையோரமாகத் தள்ளித் தள்ளி நிற்கின்றன? ஆள் இல்லாத மலைச்சரிவில் ஏன் பாத்தி கட்டிய தடம் தெரிகிறது? ஊருக்கு ஊர் கூரையில்லாத மடாலயம் ஏன்? சின்ன நகரத்தில் கூட ஏன் இரண்டு பெரிய தேவாலயங்கள்? சுற்றுலாக் கையேடுகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். என் பார்வையில் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம், நிலம் யார் கையில் இருந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதுதான். அதைத் தெரிந்துகொண்டு போனால் அதே சாலை வேறு மாதிரி தெரியும்.

முதலில் அந்தத் தனித்தனி வீடுகள். மேற்கு அயர்லாந்தில், அதாவது மேயோ, கால்வே, டோனிகால் பக்கம், 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை மக்கள் கொத்துக் கொத்தாகத்தான் குடியிருந்தார்கள். பத்து இருபது வீடுகள் நெருக்கமாக, பெரும்பாலும் சொந்தக்காரர்களாக. இப்படிப்பட்ட குடியிருப்பை கிளாகன் என்பார்கள். சுற்றியிருக்கும் நல்ல நிலத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, நல்லதும் கெட்டதும் எல்லோருக்கும் வருகிற மாதிரி பங்கு போட்டுக்கொள்வார்கள், அவ்வப்போது மாற்றியும் போட்டுக்கொள்வார்கள். மேலே மலை பொது மேய்ச்சல் நிலம், வாடகையைக் கூட்டாகக் கட்டுவார்கள். இந்த முறைக்கு ரண்டேல் என்று பெயர். நிலத்தின் சட்டப்படியான சொந்தக்காரரான நிலப்பிரபுவுக்கு இது பிடிக்கவில்லை, யாரிடம் எவ்வளவு வாடகை வாங்குவது என்றே புரியாத ஏற்பாடு அது. ஆக நிலத்தை நீள நீளப் பட்டைகளாக வெட்டி, ஒரு குடும்பத்துக்கு ஒரு பட்டை, அந்தப் பட்டையிலேயே வீட்டையும் கட்டிக்கொள் என்று மாற்றினார்கள். பிற்பாடு 1891-ல் மேற்குப் பகுதி வறுமையைத் தீர்க்க, அன்று அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசு அமைத்த வாரியமும் இதையே செய்தது. மேயோ கரைக்கு எதிரே இருக்கும் கிளேர் தீவை அந்த வாரியம் 1895-ல் விலைக்கு வாங்கி, மலையையும் வயலையும் பிரித்து நீளமாக ஒரு சுவர் எழுப்பி, கீழே பட்டை பட்டையாக நிலம் பிரித்துக் கொடுத்தது. படகில் போகும்போது அந்தக் கோடுகள் கடலிலிருந்தே நன்றாகத் தெரியும்.

சரி, பாத்தித் தடங்களுக்கு வருவோம். சாயங்கால வெயில் சாய்வாக அடிக்கும்போது மேற்கத்திய மலைச்சரிவுகளில் இணைகோடுகளாக மேடும் பள்ளமும் தெரியும். அவை உருளைக்கிழங்கு பயிரிட்ட மேட்டுப்பாத்திகள். கடற்பாசியையும் மணலையும் முதுகில் சுமந்து வந்து கொட்டி, மண்வெட்டியால் மேடு கட்டி, வேறு எதுவும் விளையாத இடத்தில் கிழங்கு விளைவித்தார்கள். அவ்வளவு உயரத்தில் போய் ஏன் பயிர் செய்தார்கள் என்றால், கீழே நிலம் இல்லை, ஆட்கள் அதிகம். 1841 கணக்கெடுப்பில் அயர்லாந்துத் தீவின் மக்கள்தொகை 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் உருளைக்கிழங்கை மட்டுமே நம்பி வாழ்ந்தார்கள். 1845-ல் கிழங்கை அழுக வைக்கும் நோய் வந்தது, 1846-ல் விளைச்சல் முழுசாகப் போயிற்று. 1852-க்குள் சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள்.

நோய் வந்தது இயற்கை. அதற்கப்புறம் நடந்ததில் பெரும்பகுதி சட்டத்தால் நடந்தது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1847 கோடையில் அரசின் கஞ்சித் தொட்டிகள் ஒரு கட்டத்தில் 30 லட்சம் பேருக்குத் தினமும் உணவு கொடுத்தன, அதாவது அரசால் முடிந்தது. முடிந்ததை அந்த வருஷமே நிறுத்திவிட்டு, பாரத்தை உள்ளூர் வரியின் மேல் போட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு உதவி கிடையாது என்று ஒரு விதி சேர்ந்தது, பசிக்கு உதவி வேண்டுமானால் நிலத்தைக் கைவிட வேண்டும். இன்னொரு பக்கம், வருஷத்துக்கு 4 பவுண்டும் அதற்குக் கீழேயும் மதிப்புள்ள குத்தகை நிலங்களுக்கான ஏழைவரியை, அதாவது ஏழைகளுக்கு உதவ வசூலிக்கும் அந்த உள்ளூர் வரியை, நிலப்பிரபுவே கட்ட வேண்டும் என்றிருந்தது. சின்னக் குத்தகைக்காரர்களை வெளியேற்றினால் அந்த வரி மிச்சம். வெளியேற்றியவர்கள் திரும்பி வந்து குடியேறாமல் இருக்கக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். மேற்கே போகும்போது நான்கு சுவர் மட்டும் நிற்கும் சின்னக் கல்வீடுகளைப் பார்த்தால் படம் எடுக்கத் தோன்றும். எடுங்கள், ஆனால் அந்தக் கூரைகளில் பலவற்றைக் காற்று பிரிக்கவில்லை, ஆட்கள் பிரித்தார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

எல்லா இடிபாடும் பஞ்சத்தின் கணக்கில் வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆக்கில் தீவில் ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் 80-க்கும் மேற்பட்ட கல்வீடுகள் வரிசையாகக் காலியாகக் கிடக்கின்றன. பஞ்சத்தில் செத்துப்போன கிராமம் என்று ஒரு வரியில் பலர் முடித்துவிடுகிறார்கள். பஞ்சமும் வெளியேற்றமும் அதில் உண்டுதான், ஆனால் அங்கிருந்த பலர் மீன்பிடிப்புக்காகக் கடற்கரைப் பக்கம் குடிபெயர்ந்து, கோடையில் மாடு மேய்க்க மட்டும் மேலே வந்து அதே வீடுகளில் தங்கினார்கள், 20-ஆம் நூற்றாண்டு வரைகூட அந்தப் பழக்கம் இருந்தது. ஒரு ஊர் காலியாவதற்கு ஒரே காரணம் இருப்பது அபூர்வம்.

மேயோவில் 1841-ல் சுமார் 3,89,000 பேர் இருந்தார்கள், 2022-ல் சுமார் 1,38,000. லீட்ரிம் மாவட்டத்தில் 1,55,000-ஆக இருந்தது 35,000-ஆகிவிட்டது. அந்த அமைதியான சாலைகள், மணிக்கணக்கில் எதிரே வண்டி வராத வளைவுகள் எல்லாம் இந்த எண்களின் விளைவு. ஆள் போன இடத்தில் மாடும் ஆடும் வந்தன, உழுத நிலம் மேய்ச்சல் நிலமானது. நாம் ரசிக்கிற பச்சையில் ஒரு பங்கு அப்படி உண்டானது. அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை மறுபடி 50 லட்சத்தைத் தாண்டியது 2022 கணக்கெடுப்பில்தான், அதற்கு முன் அந்தப் பகுதியில் அவ்வளவு பேர் இருந்தது 1851-ல்.

இனி ஊர்கள். அயர்லாந்தின் பழைய நகரங்கள் எவையும் கேலிக் மக்கள், அதாவது ஐரிஷ் மொழி பேசிய பூர்வீக மக்கள், தாங்களாகக் கட்டியவை அல்ல என்று சொன்னால் கொஞ்சம் மிகை, மடாலயங்களைச் சுற்றி ஊர் மாதிரி வளர்ந்த இடங்கள் உண்டு. ஆனால் சுவர், சந்தை, துறைமுகம் என்ற பொருளில் நகரம் வெளியிலிருந்து வந்ததுதான். டப்ளின், வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு, லிமரிக், கார்க் எல்லாம் வைக்கிங்குகள் ஆற்று முகத்துவாரம் பார்த்து அமைத்தவை. 1169-ல், அன்று இங்கிலாந்தை ஆண்ட நார்மன்கள் வந்திறங்கி, உள்நாட்டில் கோட்டையும் சுவர் சூழ்ந்த சந்தை ஊர்களும் கட்டினார்கள். டிப்பரரி மாவட்டத்தில் ஃபெத்தர்டு என்று ஒரு சின்ன ஊர், நகரச் சுவர் ஏறத்தாழ முழு வட்டமாகவே எஞ்சியிருக்கிறது, அயர்லாந்தில் வேறெங்கும் இடைக்காலச் சுவர் இவ்வளவு முழுமையாகக் கிடையாது. கூட்டமே இருக்காது. பக்கத்தில் புகழ்பெற்ற பாறைக்கோயில் இருக்கும் காஷெலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஃபெத்தர்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்.

ஒரே ஒரு பழைய ஊரைத்தான் பார்க்க முடியும் என்றால் கில்கென்னியைத்தான் சொல்வேன். நோர் ஆற்றின் மேல் கோட்டை, அதிலிருந்து ஒரு நீளத் தெரு, தெருவின் மறுமுனையில் செயின்ட் கேனிஸ் பேராலயம், பக்கத்தில் ஏறிப் பார்க்கக்கூடிய 30 மீட்டர் உயர உருண்டைக் கோபுரம். கோபுரம் நார்மன்களுக்கு முந்தைய மடாலயத்துடையது, கோட்டை நார்மன் பிரபு வில்லியம் மார்ஷல் 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டியது. அதாவது தெருவின் ஒரு முனை ஐரிஷ், ஒரு முனை ஆங்கிலம். நடுவில் பிரேகா என்று ஒரு சின்ன ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஐரிஷ்டவுன் என்றே பெயர், பிஷப்பின் ஆட்சியில் பல நூற்றாண்டு தனி நகராட்சியாக இருந்தது. 1366-ல் இதே ஊரில் கூடிய நாடாளுமன்றம், ஆங்கிலேயக் குடியேறிகள் ஐரிஷ்காரர்களைக் கல்யாணம் செய்யக்கூடாது, ஐரிஷ் பேசக்கூடாது, மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஐரிஷ் ஆட்டமான ஹர்லிங் விளையாடக்கூடாது என்று சட்டம் போட்டது. போட வேண்டி வந்ததே, இவை எல்லாம் தாராளமாக நடந்துகொண்டிருந்ததால்தான். இன்றைக்கு ஹர்லிங்கில் அகில அயர்லாந்துக் கோப்பையை மிக அதிக முறை வென்ற மாவட்டம் கில்கென்னி, கோடையில் போனால் கடை வாசல் எல்லாம் கறுப்பும் மஞ்சளுமாகக் கொடி தொங்கும்.

அந்தக் கோட்டையை 1391-ல் பட்லர் குடும்பம் வாங்கியது, ஐந்து நூற்றாண்டுக்கு மேல் அவர்களிடமே இருந்தது. 1967-ல் வெறும் 50 பவுண்டுக்கு அதை ஊர்க் கமிட்டியிடம் ஒப்படைத்தார்கள். சுற்றியுள்ள பரந்த புல்வெளியில் இன்று பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், நுழைய ஒரு காசு கிடையாது.

கில்கென்னியிலேயே அந்த இரண்டு தேவாலயக் கேள்விக்கும் விடை இருக்கிறது. இடைக்காலத்துச் செயின்ட் கேனிஸ் பேராலயம் இன்று அயர்லாந்துத் திருச்சபை எனும் புராட்டஸ்டண்ட் சபையிடம். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டண்டாக மாறியபோது கட்டிடங்களும் அரசோடு போயின, மக்கள் போகவில்லை. கத்தோலிக்கர்கள் நிலம் வாங்க, நீண்ட குத்தகை எடுக்க, பதவி வகிக்கத் தடைகள் 18-ஆம் நூற்றாண்டில் கடுமையாக இருந்தன. அவை படிப்படியாகத் தளர்ந்து 1829-ல் நாடாளுமன்றத்தில் உட்காரும் உரிமையும் கிடைத்த பிறகு, ஊருக்கு ஊர் பெரிய பெரிய கத்தோலிக்கக் கோயில்கள் எழுந்தன. கில்கென்னியின் செயின்ட் மேரிஸ் பேராலயம் கட்டத் தொடங்கியது 1843, நடுவில் பஞ்சம், முடித்தது 1857. பழைய கோயில் சின்னச் சபையிடம், புதுக் கோயில் பெரிய சபையிடம், இந்த அமைப்பை நாடு முழுக்கப் பார்க்கலாம்.

காஷெல் இதன் இன்னொரு வடிவம். சமவெளியில் திடீரென்று எழும் சுண்ணாம்புப் பாறை, அதன் மேல் உருண்டைக் கோபுரம், 1134-ல் முடிந்த கார்மக் சிற்றாலயம், 13-ஆம் நூற்றாண்டுப் பேராலயம். தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் மன்னர்களுக்கு இருப்பிடமாக இருந்த பாறையை 1101-ல் ஓ பிரையன் வம்சத்து மன்னர் திருச்சபைக்கு எழுதிக் கொடுத்தார். 1647-ல் அதே வம்சத்தில் பிறந்த இன்சிகுயின் பிரபு ஆங்கில நாடாளுமன்றத்துப் படையோடு வந்து, பேராலயத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்களையும் சேர்த்துக் கொன்றார். பேராலயத்துக்கு இன்று கூரை இல்லாதது அந்தப் படுகொலையால் என்று நினைத்துவிடுவோம். அது இல்லை. 1749 வாக்கில் அங்கிருந்த புராட்டஸ்டண்ட் பேராயர் பாறை மேல் ஏறிப் போவது சிரமம் என்று கீழே ஊருக்குள் வசதியான இடத்துக்கு வழிபாட்டை மாற்றிக்கொண்டு, மேலே கூரையைக் கழற்றச் செய்தார். மற்ற மடாலயங்களின் கூரைகள் பெரும்பாலும் அதற்கும் முன்பே, 1530-களில் ஆங்கில மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்ததைத் தொடர்ந்து போயின. நிலம் பிரபுக்களுக்கு, ஈயத் தகடும் மரமும் விற்பனைக்கு.

நிலம் மொத்தமாகக் கை மாறியது 17-ஆம் நூற்றாண்டில். 1641-ல் அயர்லாந்து நிலத்தில் சுமார் 59 சதவீதம் கத்தோலிக்கர்களிடம் இருந்தது. 1649-ல் ஆங்கில நாடாளுமன்றத்தின் படைத்தலைவர் கிராம்வெல் வந்தார், அவர் படையினருக்கும் போருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் சம்பளமாக நிலமே கொடுக்கப்பட்டது, நிலம் இழந்த கத்தோலிக்க உடைமையாளர்களை ஷானன் ஆற்றுக்கு மேற்கே கானக்ட் பக்கம் அனுப்பினார்கள். 1703-ல் அந்த 59 சதவீதம் 14-ஆகச் சுருங்கியிருந்தது. மேற்கே பாறையும் கரிச்சதுப்பும் மண்டிய நிலத்தில் ஐரிஷ் மொழி இன்னும் உயிரோடு இருப்பதற்கும் இந்த வரலாற்றில் ஒரு வேர் உண்டு. அப்படிப்பட்ட பகுதிகளில் ஊர்ப்பலகை ஐரிஷில் மட்டும்தான் இருக்கும், ஆகவே வரைபடத்தில் ஐரிஷ் பெயரையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிலப்பிரபுக்கள் கட்டிய ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க வெஸ்ட்போர்ட். மேயோவில், டப்ளினிலிருந்து நேர் ரயிலில் போகலாம். எண்கோண வடிவச் சதுக்கம், இரு கரையும் மரம் வைத்து நேராக்கிய ஆறு, பார்க்க மிக அழகு. ஊர் முன்பு பிரபுவின் மாளிகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தோட்டத்தை விரிவாக்க அதை அங்கிருந்து அகற்றி, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திட்டம் போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். கால்வேயோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். கால்வே 14 வணிகக் குடும்பங்கள் ஆண்ட துறைமுகம், ஸ்பெயினோடு ஒயின் வியாபாரம், தெருக்கள் வளைந்து நெளிந்து கரைக்கு ஓடும். வெஸ்ட்போர்ட்டில் எல்லாம் ஒருவர் மனதிலிருந்து வந்த ஒழுங்கு. அங்கிருந்து சில கிலோமீட்டரில் 764 மீட்டர் உயர க்ரோக் பேட்ரிக் மலை, அதன் அடிவாரத்தில் முரிஸ்கில் 1997-ல் வைத்த பஞ்ச நினைவுச் சின்னம், பாய்மரக் கயிறுகளுக்குப் பதில் எலும்புக்கூடுகள் தொங்கும் வெண்கலக் கப்பல். மலை ஏறாவிட்டாலும் அதன் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

இந்த மேயோவிலேயே கதை திரும்பியது. 1879 ஆகஸ்டில் காஸில்பாரில், குத்தகைக்காரர்களுக்காக மேயோ நிலச் சங்கம் தொடங்கியது, முன்னின்றவர் மைக்கேல் டேவிட். சின்ன வயதில் அவர் குடும்பமே மேயோவிலிருந்து வெளியேற்றப்பட்டது, இங்கிலாந்தில் ஆலை இயந்திரத்தில் வலது கையை இழந்தவர் அவர். வாடகை மறுப்பு, ஊர்விலக்கு, போராட்டம் என்று போய், கடைசியில் லண்டன் அரசே கடன் கொடுத்துக் குத்தகைக்காரரை நிலம் வாங்க வைக்கும் சட்டங்கள் வந்தன, அவற்றில் பெரியது 1903-ல். 1870-ல் விவசாயிகளில் சுமார் 3 சதவீதம் பேர்தான் சொந்த நிலம் வைத்திருந்தார்கள். 1929-ல் 97 சதவீதம். துப்பாக்கியால் நடந்த சுதந்திரப் போர் எல்லோருக்கும் தெரியும், அதைவிட ஆழமான மாற்றம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மாளிகைகள் நிலமில்லாமல் தனித்து நின்றன, 1920-23 காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவை எரிக்கப்பட்டன, மிச்சமிருப்பவை இன்று பெரும்பாலும் ஹோட்டலோ அரசுப் பூங்காவோ.

சுவர்கள் என்று வந்தால் இதையெல்லாம் விடப் பழசும் உண்டு. மேயோ வடகரையில் கெய்டே ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில், 1930-களில் ஓர் ஊர்ப் பள்ளி ஆசிரியர் அடுப்புக்குக் கரிமண் வெட்டும்போது, சதுப்புக்கு அடியில் கற்கள் வரிசையாகக் கிடப்பதைக் கவனித்தார். பிற்பாடு தொல்லியலாளரான அவர் மகன் இரும்புக் கம்பியால் குத்திக் குத்தியே மைல்கணக்கில் வயல் சுவர்களை அடையாளம் கண்டார். 5,000 ஆண்டுக்கு மேற்பட்டவை என்பது அவர்கள் கணிப்பு. அப்புறம் வயல் நடுவே வட்டமான மண்மேடுகள், மரங்கள் சூழ்ந்து. அவை ஆயிரம் ஆயிரத்தைந்நூறு வருஷம் முந்தைய பண்ணை வீடுகளின் வேலி, நாடு முழுக்க 40,000-க்கும் மேல். புராதனச் சட்டம் வருவதற்கு முன்பே இவை தப்பியது சீக்களின் பயத்தால், அதாவது அந்த மேடுகளில் குடியிருப்பதாக நம்பும் மாயக் குலத்தார். அதில் கை வைத்தவன் குடும்பம் உருப்படாது என்ற நம்பிக்கை. 1999-ல் கிளேர் மாவட்டத்தில் ஒரு நெடுஞ்சாலையே ஒற்றை முட்செடி மரத்துக்காகக் கொஞ்சம் நகர்த்தி அமைக்கப்பட்டது.

வடக்கே, இன்றும் பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்துக்குப் போகிறவர்களுக்கு டெர்ரி. 1607-ல் வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் கேலிக் பிரபுக்கள் நாட்டை விட்டுக் கப்பலேறிய பிறகு, அவர்கள் நிலத்தில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து குடியேறிகளை வைத்தார்கள். லண்டன் வணிகச் சங்கங்கள் 1613 முதல் கட்டிய டெர்ரி நகரச் சுவர் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், அதன் மேலேயே முழுதாகச் சுற்றி நடக்கலாம். சுவரிலிருந்து கீழே கத்தோலிக்கர்கள் வாழும் பாக்சைடு குடியிருப்பையும் அதன் சுவரோவியங்களையும் பார்க்கும்போது, 17-ஆம் நூற்றாண்டும், அங்கே உரிமை ஊர்வலத்தினரை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற 1972-ம் ஒரே பார்வையில் வந்துவிடும். பக்கத்து மாவட்டமான ஆன்ட்ரிமில்தான் ராபர்ட் கால்டுவெல் 1814-ல் ஒரு ஸ்காட்டிஷ் குடும்பத்தில் பிறந்தார். இடையன்குடியில் வாழ்ந்து, திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்.

போகிற வழி பற்றி. ரயில் எல்லாம் டப்ளினை மையமாக வைத்தது, கில்கென்னி, கால்வே, வெஸ்ட்போர்ட் போக வசதி. ஆனால் மேற்குக் கரையில் ஊருக்கு ஊர் போக ரயில் ஏறக்குறைய இல்லை, 1930-களில் பல கிளைப்பாதைகளை மூடிவிட்டார்கள். வெஸ்ட்போர்ட்டிலிருந்து ஆக்கில் போன பழைய ரயில்பாதை இப்போது 42 கிலோமீட்டர் சைக்கிள் பாதை, இந்த ஊர்ப்பக்கத்தைப் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கார் எடுத்தால் நம்மூர் மாதிரியே இடதுபக்கம். ஆனால் உள்ளூர்ச் சாலை என்பது சில இடங்களில் நடுவில் புல் முளைத்த ஒற்றைத் தடம், இரு பக்கமும் கல்சுவர். 2025 பிப்ரவரியிலிருந்து அச்சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகிவிட்டது, 60-ம் பல வளைவுகளில் அதிகம்தான். ஒரு நாளில் மூன்று மாவட்டம் என்று திட்டம் போடாதீர்கள். ஜூனில் மேற்கே இரவு 10 மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், அவசரமே வேண்டாம்.

நடக்கப் போகிறவர்கள் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலத்தில் நடக்க உரிமை உண்டு, இங்கிலாந்தில் வயல் நடுவே பொதுப்பாதைகள் ஏராளம், அயர்லாந்தில் இரண்டும் மிகக் குறைவு. குறியிட்ட நடைபாதைகளில் பெரும்பாலானவை அந்தந்த விவசாயி சம்மதித்ததால் இருப்பவை. மலையே கூடப் பல இடங்களில் இருபது முப்பது குடும்பங்களின் கூட்டு மேய்ச்சல் நிலம், ஒவ்வொருவருக்கும் எழுதி வைத்த பங்கோடு. மூன்று தலைமுறைக்கு முன் கடன் வாங்கி, தவணை கட்டி, வெளியேற்றத்தின் நினைவோடு வாங்கிய நிலம் அது, வேலியைப் பற்றி அவர்கள் கறாராக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், நாயைக் கூட்டிப் போகாதீர்கள், சாந்தில்லாமல் அடுக்கிய சுவர் மேல் ஏறாதீர்கள், ஒரு கல் சரிந்தால் பத்து சரியும். ஆள் கண்ணில் பட்டால் நின்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் போகச் சொல்வார்கள், கூடவே அந்த வயலின் பெயரையும் அது முன்பு யாருடையது என்பதையும் சொல்வார்கள்.